கடைக் கணக்கும் மடிக்கணினியும்: நீண்டநாள் உழைக்கச் செய்யும் வழிகள்

கணக்குப்பிள்ளை சாய்வு மேஜைக்கு முன் சம்மணமிட்டு அமர்ந்து, சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேட்டில் பற்று வரவு எழுதிய காலத்தை நம் மூத்த உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பேரேட்டுக்கு வேண்டிய பராமரிப்பு மிகவும் சொற்பம். கரையான் அண்டாமல், மழைச்சாரல் படாமல் பரண் மேல் ஏற்றி வைத்தால் போதும். முப்பது ஆண்டு கழித்துப் பிரித்தாலும் எழுத்து அப்படியே இருக்கும்.

இன்று அந்த இடத்தில் லேப்டாப் எனப்படும் மடிக்கணினி அமர்ந்துவிட்டது. 2017 ஜூலை 1-ஆம் தேதி சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. 2018 ஏப்ரல் முதல் வெளிமாநிலச் சரக்குக்கு இ-வே பில் கட்டாயமாயிற்று. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் ஐந்து கோடியைத் தாண்டிய வணிகர்கள் மின்னணுப் பட்டியலும் போட வேண்டியதாயிற்று. கம்ப்யூட்டர் வேண்டாம் என்று ஒதுங்கியிருந்த நெல்பேட்டை வியாபாரியும், பரவை காய்கறி மார்க்கெட் கமிஷன் கடைக்காரரும் இந்தச் சில ஆண்டுகளில் ஆளுக்கொன்று வாங்கிவிட்டார்கள். வாங்கியதோடு சரி. எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போடுகிறோம். சரக்கு வண்டிக்கு எப்.சி. காட்டுகிறோம். கடையின் மொத்தக் கணக்கையும் சுமந்து நிற்கும் இந்தக் கருவியை மட்டும் அது படுத்த பிறகுதான் திரும்பிப் பார்க்கிறோம்.

இதை எழுதும் நானும் அப்படி இருந்தவன்தான். எங்களுடையது கீழமாசி வீதியை ஒட்டிய சந்தில் வத்தல், மல்லி மொத்த வியாபாரம். 2016-இல் வாங்கிய மடிக்கணினியைத் தராசுக்குப் பக்கத்திலேயே, ஒரு சாக்கு விரித்த மேஜை மேல் வைத்திருந்தோம். எடை சொல்லச் சொல்ல பில் போட வசதி என்பது எண்ணம். 2019 தொடக்கத்திலிருந்தே அதன் விசிறி இரைய ஆரம்பித்தது. கணக்குப்பிள்ளை இரண்டு முறை சொன்னார். "சத்தம்தானே போடுது, வேலை நடக்குதுல்ல" என்று நான் சொன்னதும் நினைவிருக்கிறது. மே மாதம் 18-ஆம் தேதி நண்பகல், அக்னி நட்சத்திர வெயிலில், திரை ஒருமுறை மின்னி அணைந்தது. பிறகு எழவில்லை. இருபதாம் தேதிக்குள் மாத வரிப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும்.

பழுது பார்க்க வந்த இளைஞர் அடிமூடியைக் கழற்றியதும் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். விசிறிக்கும் வெப்பத்தை வெளியேற்றும் செம்புத் தகடுகளுக்கும் இடையில், கம்பளித் துண்டு போல ஒரு சிவப்புப் படலம் அடைத்திருந்தது. "அண்ணாச்சி, இதை எடுத்து ரசமே வைக்கலாம்" என்றார். எங்களுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. மதர்போர்டு போய்விட்டது. வெப்பத்தில் வெந்த ஹார்ட் டிஸ்கிலும் பாதிக் கோப்புகள் படிக்க வரவில்லை. கடைசியாகக் கணக்கைப் பென் டிரைவில் எடுத்து வைத்தது ஜனவரியில். நான்கு மாதக் கணக்கில், பில் நகல் இருந்தவற்றை எல்லாம் இரவும் பகலுமாக மறுபடி ஏற்றினோம். ஆனால் ரொக்கமாக வந்த வரவுகளையும், சில்லறைக் கடைக்காரர்களுக்குக் கைச்சிட்டையில் விட்ட பாக்கியையும் நேராகக் கணினியில்தான் பதிந்திருந்தோம். அவற்றுக்குக் காகிதமே இல்லை. உசிலம்பட்டிப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் தாமே தம் நோட்டுடன் வந்து, "உங்களுக்கு நான் பதினெட்டாயிரத்து நானூறு தரணும்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லோரும் அப்படி வரவில்லை. இரண்டு லட்சத்துக்கு மேல் எங்களால் கேட்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

அதன் பிறகு தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். பெரும்பாலும் காசு செலவில்லாத காரியங்கள்.

வெயிலும் தூசியும்

மடிக்கணினியுடன் வரும் கையேட்டை நம்மில் யாரும் படிப்பதில்லை. அதில் ஒரு வரி உண்டு: சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் இடத்தில் பயன்படுத்தவும். அநேகமாக எல்லா நிறுவனங்களும் இதே அளவைத்தான் சொல்கின்றன. மதுரையில் ஏப்ரல், மே மாதங்களில் நிழலிலேயே 40 டிகிரி எட்டுகிறது. ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகரக் கூரை போட்ட கிட்டங்கிக்குள் அதைவிடவும் கூடும். அதாவது ஆண்டில் இரண்டு மூன்று மாதங்கள், செய்தவர்கள் அனுமதித்த எல்லைக்கு வெளியே நின்றுதான் நம் கணினி வேலை செய்கிறது. குளிர் நாட்டில் ஐந்தாறு ஆண்டு உழைக்கும் அதே கருவி இங்கே மூன்றாண்டில் தளர்ந்தால் அது போலிச் சரக்கு என்று பொருள் அல்ல.

உள்ளே நடப்பது எளிய விஷயம்தான். கணக்குப் போடும் சில்லு வேலை செய்யும்போது 70, 80 டிகிரி வரை சுடும். அந்தச் சூட்டை ஒரு செம்புக் குழாய் ஓரத்துக்குக் கொண்டுவருகிறது. அங்கே சீப்புப் பல் போல நெருக்கமான மெல்லிய தகடுகள். விசிறி பெரும்பாலும் அடிப்பக்கத்திலிருந்து காற்றை இழுத்து, அந்தத் தகடுகள் வழியாகப் பக்கவாட்டிலோ பின்புறமோ தள்ளுகிறது. அடுப்படிப் புகைபோக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். புகைபோக்கி அடைத்தால் வீடு புகைவது போல, இந்தத் தகடுகள் அடைத்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும். கணினி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் வேகத்தைக் குறைக்கும். நாம் "சிஸ்டம் ஸ்லோவாகிவிட்டது" என்று சாப்ட்வேரைக் குறை சொல்வோம். பிறகு விசிறி முழு வேகத்தில் இரையும். பிறகு தானாக அணையும். இந்த மூன்றும் வரிசையாக வரும் எச்சரிக்கைகள். மூன்றையும் அலட்சியம் செய்தவன் கதையை மேலே படித்துவிட்டீர்கள்.

ஆகவே முதலில் கவனிக்க வேண்டியது வைக்கும் இடம். சாக்கு, துணி, மெத்தை, கல்லாப்பெட்டியின் மேல் விரித்த வெல்வெட் துண்டு ஆகியவற்றின் மேல் மடிக்கணினியை வைக்கவே கூடாது. அடியில் உள்ள காற்றுத்துளைகளை அவை அடைத்துவிடும். சமமான மரப்பலகையோ மேஜையோ நல்லது. பின்பக்கம் இரண்டு விரற்கடை உயர்ந்திருக்குமாறு இரண்டு மரச்சட்டங்களை வைத்தால் இன்னும் நல்லது. கடையில் விற்கும் ஸ்டாண்டுக்கு உள்ள பயன் அதற்கும் உண்டு. சுவரை ஒட்டித் தள்ளிவைக்காமல் ஒரு சாண் இடைவெளி விட வேண்டும். மேற்கு பார்த்த கடை வைத்திருப்பவர்கள் பிற்பகல் வெயில் கணினி மேல் விழாதபடி மேஜையை மாற்றிப் போடுங்கள்.

தூசியில் எல்லாத் தூசியும் ஒன்றல்ல. விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடையில் பஞ்சிழை பறக்கும்; அது தகடுகளில் சிக்கிப் பஞ்சுத்திரி போல் அடைக்கும். மாவு, சர்க்கரை, வெல்லம் விற்கும் கடையில் தூசி மழைக்கால ஈரத்தை வாங்கிக் களியாகிவிடும். சிமெண்ட், பெயிண்ட் கடைத் தூசி விசிறியின் தண்டை அரம் போல் தேய்க்கும். எங்கள் வத்தல் தூளில் எண்ணெய்ப்பசை இருப்பதால் ஒட்டினால் விடாது. எந்தச் சரக்காக இருந்தாலும், மூட்டை பிரிக்கும் இடத்துக்கும் தராசுக்கும் அருகில் கணினி இருக்கலாகாது. எங்கள் கடையில் இப்போது எடையைச் சீட்டில் எழுதி உள்ளே அனுப்புகிறோம். பத்தடி நடை கூடுதல். வேறு நஷ்டம் ஒன்றும் இல்லை. கடை கூட்டும்போதும், சரக்கு இறங்கும்போதும் மூடியைச் சாத்தி ஒரு துணியைப் போர்த்துவது வழக்கமாகிவிட்டது. அணைத்த பிறகுதான் போர்த்த வேண்டும் என்பதைப் பையன்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

வெள்ளி செவ்வாயில் சாம்பிராணி போடும் வழக்கத்தை விடச் சொல்ல எனக்கு மனமும் இல்லை, துணிவும் இல்லை. ஆனால் அந்தப் புகையில் உள்ள பிசின் உள்ளே போய்ப் படிந்தால் தூசிக்குப் பசை தடவியது போல. தூபக்காலைக் கணினியிடம் கொண்டுபோகும் முன் அதை அணைத்து மூடிவிடுங்கள். ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமத்தை மேல்மூடியின் ஓரத்தில் ஒரு பொட்டாக வைத்தால் போதும். விசைப்பலகையிலும் காற்றுத்துளையிலும் விபூதி தூவுவதையும், தீர்த்தம் தெளிப்பதையும் தவிர்க்க வேண்டும்.

சுத்தம் செய்வது எப்படி?

வாரம் ஒருமுறை கணினியை முழுவதும் அணைத்து, சார்ஜரைக் கழற்றி, மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் விசைகளின் இடுக்கைத் துடைக்கலாம். கணினியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் தூள் தானே உதிரும். திரையை மூக்குக் கண்ணாடி துடைக்கும் மென்துணியால், தேவைப்பட்டால் சொட்டுத் தண்ணீர் நனைத்துத் துடைக்க வேண்டும். தண்ணீரைத் துணியில் விட வேண்டுமே தவிரத் திரையில் தெளிக்கக் கூடாது. அது கீழோரத்தில் இறங்கித் திரையின் மின்சுற்றைக் கெடுக்கும். ஷோகேஸ் கண்ணாடி துடைக்கும் திரவம் வேண்டாம். அதில் அம்மோனியா இருந்தால் திரையின் மேற்பூச்சு போய்விடும்.

உள்ளே சுத்தம் செய்வது வேறு வேலை. திருப்புளியும் தைரியமும் உள்ளவர்கள் தாமே செய்கிறார்கள். நான் செய்வதில்லை. ஆண்டுக்கு இருமுறை, பங்குனியில் வெயில் ஏறும் முன் ஒன்று, தீபாவளி வியாபாரம் முடிந்த பின் ஒன்று என மெக்கானிக்கை வரவழைக்கிறோம். அவர் செய்யும்போது இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, காற்றடிக்கும் புளோயரால் ஊதும்போது விசிறியின் இறக்கையை ஒரு குச்சியாலோ விரலாலோ பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் அது தன் அளவுக்கு மீறிய வேகத்தில் சுழன்று தண்டு தேய்ந்துவிடும். இரண்டு, வெளித்துளை வழியாக மட்டும் ஊதிவிட்டு "கிளீன் ஆயிடுச்சு" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படி ஊதினால் படலம் உள்ளே நகருமே தவிர வெளியே வராது. மூன்று நான்கு ஆண்டு ஆன கணினியாக இருந்தால் சில்லுக்கும் செம்புக்கும் நடுவில் தடவியிருக்கும் வெப்பக்களிம்பும் காய்ந்திருக்கும். அதைப் புதிதாகத் தடவச் சொல்லுங்கள். செலவு சில நூறு ரூபாய்தான், ஆனால் பத்து டிகிரி சூடு இறங்குவதும் உண்டு.

பாட்டரியைப் பற்றிய தவறான எண்ணங்கள்

இன்றைய மடிக்கணினிகளில் உள்ளது லித்தியம் அயான் பாட்டரி. 1991-இல் ஜப்பானின் சோனி நிறுவனம் இதை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடிப்படை அமைத்த குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பழைய நிக்கல் காட்மியம் பாட்டரிகளுக்குச் சொன்ன விதியை நாம் இதற்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்: "முழுக்கத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போடணும்." இது லித்தியத்துக்குப் பொருந்தாது. அதற்கு முழுவதும் தீர்வதும் ஆகாது, முழுவதும் நிரம்பியபடி நாள்கணக்கில் சூட்டில் கிடப்பதும் ஆகாது. இருபதுக்கும் எண்பதுக்கும் இடையில் இருந்தால் மிகவும் சுகம்.

இதில் நம் ஊருக்கு உரிய கணக்கு ஒன்று உண்டு. 40 டிகிரி வெப்பத்தில் முழுச் சார்ஜுடன் ஓராண்டு வைத்திருந்த பாட்டரி, தன் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும் என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். அதே வெப்பத்தில் 40 சதவீதச் சார்ஜில் வைத்திருந்தது இழப்பது 15 சதவீத அளவே. நம் கடைகளில் காலை ஒன்பது முதல் இரவு பத்து வரை சார்ஜர் செருகியபடியே இருக்கிறது. மேற்படி முதல் கணக்கில்தான் நாம் வருகிறோம்.

சார்ஜரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. லெனோவா, டெல், ஆசஸ், எச்.பி. போன்றவற்றின் பல மாடல்களில் சார்ஜை 80 சதவீதத்திலேயே நிறுத்திவைக்கும் அமைப்பு உள்ளது. உங்கள் மாடலில் இருக்கிறதா என்று விற்றவரிடமோ, வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடமோ கேட்டால் ஐந்து நிமிடத்தில் செய்து தருவார்கள். வெளியூர்ப் பயணம் இருந்தால் மட்டும் முதல் நாள் இரவு முழுச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம்.

இன்னொரு வழக்கம், பாட்டரி போய்விட்டால் மாற்றாமல் நேரடி மின்சாரத்திலேயே ஓட்டுவது. இதை நான் கண்டிப்பாக எதிர்க்கிறேன். மடிக்கணினியின் பாட்டரிதான் அதற்கு யூ.பி.எஸ். அது செத்த கணினியில் மின்சாரம் ஒரு நொடி கண் சிமிட்டினாலும் கணினி அணைந்துவிடும். அந்த நொடியில் கணக்கு மென்பொருள் எதையாவது எழுதிக்கொண்டிருந்தால் அந்தக் கோப்பு கெட்டுவிடும். 2012-இல் சென்னை தவிர மற்ற மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்த நாட்களை நாம் கண்டோம். அந்த நிலை பிறகு மாறிவிட்டது. ஆனால் நொடிப்பொழுது தடை அன்றாடம் உண்டு. இரண்டு மூன்றாயிரத்தை மிச்சம் பிடிக்கப்போய் ஒரு மாதக் கணக்கை இழப்பது வியாபாரம் ஆகாது.

கணினியின் அடிப்பாகம் உப்பித் தெரிந்தாலோ, விரல் வைத்து நகர்த்தும் பலகை மேலெழும்பினாலோ, மூடி சரியாகச் சாத்தாவிட்டாலோ உள்ளே பாட்டரி வீங்கியிருக்கிறது என்று அறியலாம். உடனே அணைத்து, சார்ஜரை எடுத்துவிட வேண்டும். அழுத்துவதும் குத்துவதும் பெரும் ஆபத்து, தீப்பிடித்துவிடும். 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம் சோனி தயாரித்த 41 லட்சம் பாட்டரிகளைத் திரும்பப் பெற்றது. உள்ளே புகுந்த நுண்ணிய உலோகத் துகள்கள் சில பாட்டரிகளைத் தீப்பிடிக்கச் செய்ததே காரணம். சாக்கும் அட்டைப்பெட்டியும் நிறைந்த நம் கடைகளில் இந்த விஷயத்தில் ஒரு நாள்கூடத் தாமதம் கூடாது. மாற்றும்போது பெயர் தெரியாத மலிவுப் பாட்டரியும் வேண்டாம்.

மின்சாரம்

சார்ஜரின் முதுகில் 100 முதல் 240 வோல்ட் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். அதனால் வோல்டேஜ் குறைவதைப் பற்றிக் கவலை இல்லை. ஸ்டெபிலைசரும் தேவையில்லை. கெடுப்பது ஏற்றம்தான். தெருவில் நியூட்ரல் கம்பி விட்டுப்போனால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறிவிடும்; அந்தத் தெருவில் உள்ள டியூப் லைட்டும் சார்ஜரும் கூட்டாகப் போகும். ஐப்பசி இடிமழையிலும் சித்திரை வைகாசிக் கோடை மழையிலும் இதே அபாயம். மின்னல் தெரிந்தால் சார்ஜரைச் சுவரிலிருந்தே கழற்றிவிடுங்கள், சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. இணைய மோடத்திலிருந்து வரும் ஒயரையும் கழற்ற வேண்டும். அந்த வழியாகவும் மின்னல் வந்து கணினியைக் கொன்றிருக்கிறது.

கணினியின் உலோகப் பகுதியில் கை வைத்தால் மெல்லிய கூச்சம் தெரிகிறது என்று பலர் சொல்வதுண்டு. அநேகமாக எர்த் இல்லை என்று அர்த்தம். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் கன்வெர்ட்டரில் செருகியிருப்பீர்கள், அல்லது பழைய கட்டடத்தில் மூன்றாவது துளைக்குக் கம்பியே போயிருக்காது. மாசி வீதிகளில் உள்ள பழங்காலக் கட்டடங்கள் பலவற்றில் இதுதான் நிலை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். கணினிக்கு மட்டுமல்ல, பையன்கள் தொடும் எலக்ட்ரானிக் தராசுக்கும் பிரிட்ஜுக்கும் அதுவே பாதுகாப்பு.

சார்ஜர் ஒயரை இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போடுவதால் முனையில் உள்ளே கம்பி அறுந்து, ஆட்டினால் வேலை செய்யும் நிலைக்கு வருகிறது. தளர்வாகச் சுற்றுங்கள். கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுக்காமல் முனையைப் பிடித்து எடுங்கள். எலி நடமாட்டம் உள்ள கடைகளில் இரவில் சார்ஜரை மேஜை இழுப்பறையில் பூட்டிவிடுவது உத்தமம். தேங்காய் எண்ணெய்க் கை பட்ட ஒயரை எலி மிக விரும்பும் என்பது என் அனுபவம்.

கைபட்டு வரும் கேடுகள்

மூடியை ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் கீலுக்கு ஒரு பக்கமாகப் பாரம் விழும். கீல் இரும்புதான், ஆனால் அதைத் தாங்கும் அடிப்பகுதி வெறும் பிளாஸ்டிக். ஒரு நாள் சடக்கென்று பிளக்கும். நடுவில் பிடித்துத் திறக்கப் பழக வேண்டும். விசைப்பலகை மேல் பேனாவையோ பில் கிளிப்பையோ வைத்துவிட்டு மூடியைச் சாத்தித் திரை உடைந்த சம்பவங்கள் நம் தெருவிலேயே இரண்டு மூன்று. மூடிய கணினி மேல் பில் புத்தகக் கட்டை அடுக்குவதும் அதே பலன் தரும்.

டீயைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கடையில் டீ கிளாஸுக்கென்று ஓர் இடம் ஒதுக்குங்கள்; அது கணினி இருக்கும் மேஜையாக இருக்கக் கூடாது. அப்படியும் சிந்திவிட்டால் ஒரு நொடியும் யோசியாமல் சார்ஜரைப் பிடுங்கி, மின் பொத்தானைப் பத்து நொடி அழுத்தி அணைத்து, மூடியை விரித்தபடி கூடாரம் போலக் குப்புறக் கவிழ்த்து வையுங்கள். வெயிலில் காயவைப்பதும், "ஓடுதா பார்ப்போம்" என்று போட்டுப் பார்ப்பதும்தான் அதைக் கொல்கிறது. தண்ணீர் உலர்ந்துவிடும், டீயில் உள்ள சர்க்கரையும் பாலும் உலராமல் உள்ளே செம்பை அரித்துக்கொண்டே இருக்கும். ஆகவே அன்றே மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறந்து கழுவச் செய்ய வேண்டும். வெல்லம், கற்கண்டு கடைக்காரர்களுக்கு எறும்பும் ஒரு தொல்லை. மேஜைக் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைக்கும் பாட்டி காலத்து வழி இங்கும் பலிக்கிறது. எறும்பு மருந்தைக் கணினிக்குள் தெளித்துவிடாதீர்கள்.

வசூலுக்குத் தேனிக்கும் விருதுநகருக்கும் போகிறவர்கள், வெயிலில் நிறுத்திய காரிலோ இருசக்கர வண்டியின் சீட்டுக்கடிப் பெட்டியிலோ கணினியை விட்டுப் போகக் கூடாது. மூடிய காருக்குள் நம் கோடையில் 60 டிகிரி வரும். ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய கணினியை ஓடும் நிலையில் வண்டியில் எடுத்துச் செல்வதும் தவறு. அதன் தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுழல, அதற்கு மயிரிழையிலும் குறைந்த உயரத்தில் ஊசிமுனை மிதக்கிறது. ஒரு குலுக்கலில் உராய்ந்துவிடும். எஸ்.எஸ்.டி. உள்ள புதிய கணினிக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஹார்ட் டிஸ்க் சாகும் முன் டக் டக் என்று சத்தம் போட்டாவது எச்சரிக்கும், எஸ்.எஸ்.டி. நேற்றுவரை நன்றாக இருந்து இன்று காலை பேசாமல் போய்விடும்.

தரைத்தளத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 அக்டோபர் 25 அன்று பெய்த கனமழையில் செல்லூர் உள்ளிட்ட வடபகுதித் தெருக்களில் தண்ணீர் புகுந்ததை மறந்திருக்க மாட்டோம். இரவில் கணினியையும் பேக்கப் டிஸ்கையும் தரையோடு உள்ள அலமாரியில் வைக்க வேண்டாம்.

பிள்ளைகளின் கணினி

2011 செப்டம்பரில் தமிழக அரசு பிளஸ் டூ மற்றும் கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. நம் சிறு வணிகர் வீடுகள் பலவற்றில் முதன்முதலில் நுழைந்த மடிக்கணினி அதுதான். அதையே கடைக்குக் கொண்டுவந்து கணக்குப் போட்டவர்களும் உண்டு. பிள்ளையின் படிப்புக்குத் தந்ததைக் கல்லாவுக்கு இழுப்பது முறையில்லை என்பது ஒருபுறம். பிள்ளை சினிமா இறக்கும் கணினியில் கடைக் கணக்கை வைப்பது அதைவிட ஆபத்து. கணக்குக் கணினி கணக்குக்கு மட்டும் இருக்கட்டும். 2017 மே மாதம் உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாகிரை வைரஸ், இரண்டு மாதம் முன்பே வெளியான இலவசத் திருத்தத்தைப் போட்டுக்கொள்ளாத கணினிகளைத்தான் பிடித்தது. விண்டோஸ் அப்டேட்டை நிறுத்திவைப்பவர்கள் இதை நினைவில் கொள்ளவும். விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. இன்னும் அதில் ஓடும் கணினி உங்களிடம் இருந்தால், 11-க்கு மாற முடியுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

கணக்கின் நகல்

மேலே சொன்ன அத்தனையும் செய்தாலும் ஒரு நாள் கணினி போகத்தான் செய்யும். அன்றைக்கு நாம் இழப்பது நாற்பதாயிரம் ரூபாய்க் கருவியையா, அல்லது கடையையா என்பதை நகல்தான் தீர்மானிக்கிறது. சட்டமும் இதைச் சொல்கிறது. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஓர் ஆண்டின் கணக்கை அந்த ஆண்டுக்கான வருடாந்திரப் படிவத்தின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் காத்து வைக்க வேண்டும். டிசம்பர் 31-ஐக் கடைசித் தேதியாகக் கொண்டால், 2024-25 கணக்கு 2031 டிசம்பர் முடிய இருந்தாக வேண்டும். கணினியில் கணக்கு வைப்பவர்கள், விபத்தில் அழிந்தாலும் மீட்கக்கூடிய விதத்தில் முறையான நகல் வைத்திருக்க வேண்டும் என்று விதி 57 தனியாகவே கூறுகிறது. "கம்ப்யூட்டர் போச்சு சார்" என்பது அதிகாரியிடம் பதில் ஆகாது. நம் கணினியின் ஆயுளைவிடக் கணக்கு வாழ வேண்டிய காலம் நீளமானது.

எங்கள் கடையில் நடப்பதைச் சொல்கிறேன். கல்லா எண்ணி முடித்ததும் தினமும் ஒரு நகல் பென் டிரைவுக்குப் போகிறது. திங்கள் முதல் சனி வரை ஆறு நாளுக்கு ஆறு மடிப்பு. இன்றைய நகல் நேற்றையதை அழிக்காது. நேற்று கெட்டுப்போன கோப்பை இன்று நல்ல நகலின் மேல் எழுதிவிட்டால் இரண்டும் இல்லாமல் போகும் என்பதால் இந்த ஏற்பாடு. சனிக்கிழமை நகல் ஒரு வெளி டிஸ்கில் ஏறி என் வீட்டு பீரோவுக்குப் போகிறது. கடையில் தீயோ திருட்டோ நேர்ந்தால் அதுவும் சேர்ந்து போய்விடக் கூடாது அல்லவா? மற்றொன்று கடவுச்சொல் போட்டு இணையச் சேமிப்பில் இருக்கிறது. நகல் எடுத்ததும் டிஸ்கைக் கணினியிலிருந்து கழற்றிவிடுகிறோம். செருகியே வைத்திருந்தால் வைரஸ் வரும்போது அதையும் சேர்த்துப் பூட்டும்.

பலரும் விட்டுவிடுவது ஒன்று: அந்த நகல் திறக்கிறதா என்று பார்ப்பது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மகனின் கணினியில் நகலை ஏற்றி, ஏதாவது ஒரு வாடிக்கையாளரின் பாக்கியைக் கடைக் கணினியுடன் ஒத்துப் பார்க்கிறோம். முதல் முறை பார்த்தபோதே இரண்டு மாத நகல்கள் வெற்றுக் கோப்பாக இருந்ததைக் கண்டோம். பென் டிரைவ் நிரம்பிவிட்டது. கணக்குப்பிள்ளை அந்த அறிவிப்பைப் படிக்காமல் சரி என்று அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார்.

பழுதுக்குக் கொடுக்கும்போதும், தள்ளிவிடும்போதும்

கணினியைப் பழுதுக்குக் கொடுக்கும் முன் நகல் எடுத்துவிடுங்கள். இயலுமானால் டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். வரித்தளக் கடவுச்சொல்லும் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லும் அதில் சேமித்திருந்தால் அன்றே மாற்றுவது நல்லது. மாடலையும் சீரியல் எண்ணையும் எழுதி, கையெழுத்துடன் சீட்டு வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். கேட்பவரிடம் தேவையில்லாமல் பாகம் மாற்ற யோசிப்பார்கள்.

ஓய்ந்துபோன கணினியைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவது, அதிலும் பாட்டரியுடன் போடுவது சரியல்ல. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் அது போய்ச் சேர வேண்டும். புதிது வாங்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். கொடுக்கும் முன் டிஸ்கை எடுத்துவிட மறக்க வேண்டாம். கோப்பை அழித்தாலும் அதை மீட்டெடுக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. எங்கள் 2016 கணினியின் டிஸ்க் இன்னும் என் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது. படிக்க வராத பாதியில் அந்தப் பாக்கிப் பட்டியல் உள்ளது.